தோற்றாலும் நஷ்டமில்லாத முதலாளி

162 ஆட்டம். அதில் 121 தோல்வி. சிகாகோ வைட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணி 2024ல் படைத்த 'சாதனை' இது. 1900க்குப் பிறகு அமெரிக்க மேஜர் லீக்கில் வேறெந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்றதில்லை.

பேஸ்பால் பரிச்சயம் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை அநேகமாக தினமும் ஆட்டம் உண்டு. நாலு மேட்ச் தோற்றோமா, மூட்டையைக் கட்டினோமா என்று கிளம்ப முடியாது. இன்னொரு விஷயம், இந்த விளையாட்டில் அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் இடம் ஜாஸ்தி. படுமட்டமான அணி கூட மூன்று ஆட்டத்துக்கு ஒன்று ஜெயித்துவிடும். வைட் சாக்ஸோ நாலுக்கு ஒன்றுதான் ஜெயித்தது. அந்த அளவுக்குத் தோற்க நிஜமாகவே உழைக்க வேண்டும் :-)

இதற்கு முந்தைய சாதனையாளர் யார் தெரியுமா? 1962ன் நியூயார்க் மெட்ஸ், 120 தோல்வி. ஆனால் மெட்ஸுக்கு அதுதான் முதல் வருஷம். மற்ற அணிகள் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த அணி. தோற்றால் ஊரே சிரித்துக்கொண்டு தட்டிக் கொடுத்தது, ஏழே வருஷத்தில், 1969ல், அவர்கள் வேர்ல்ட் சீரிஸையும் ஜெயித்தார்கள். வைட் சாக்ஸ் அப்படியா? 1901ல் அமெரிக்கன் லீக் தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் அணி. இருப்பது நாட்டின் மூன்றாவது பெரிய ஊரில். 2005ல் வேர்ல்ட் சீரிஸில் ஹூஸ்டனை நாலுக்கு நாலு அடித்த அணி. சாக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

அந்த 2024ஐ ஒரு ரசிகன் எப்படிக் கழித்திருப்பான் என்று யோசித்தால் பாவமாக இருக்கிறது. முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி. மே கடைசியில் ஆரம்பித்துத் தொடர்ந்து 14 தோல்வி. சரி, இதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்று நினைத்தால், ஜூலையில் ஆரம்பித்துத் தொடர்ந்து 21 தோல்வி! நாலு வாரம், ஒரு வெற்றி கூடக் கிடையாது. அமெரிக்கன் லீக்கில் 1988ல் பால்டிமோர் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்துவிட்டு, ஆகஸ்ட் 6ந் தேதி ஓக்லாந்தில் ஒருவழியாக ஒன்று ஜெயித்தார்கள். இரண்டு நாள் கழித்து மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலின் சீட்டைக் கிழித்தார்கள் (பேஸ்பாலில் கோச்சைத்தான் மேனேஜர் என்பார்கள்). அடுத்து வந்த கிரேடி சைஸ்மோரின் கணக்கு 13 வெற்றி, 32 தோல்வி. வருஷம் முழுக்க எடுத்த ரன் 507, முப்பது அணிகளில் கடைசி. மைதானத்தில் அந்த வருஷம் ஹிட்டான ஒரே சமாச்சாரம், அங்கே விற்ற 'கேம்ப்ஃபயர்' மில்க்ஷேக். மிகையில்லை, ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு.

வழக்கமாக இந்த இடத்தில் ஆட்டக்காரர்களைத் திட்ட ஆரம்பிப்பார்கள். பேட்டிங் சரியில்லை, பௌலிங் (அதாவது பிட்சிங்) சரியில்லை, கோச்சுக்கு மூளை இல்லை, முக்கியமான ஆட்களுக்குக் காயம். எல்லாம் உண்மைதான். மொன்காடா, ராபர்ட், ஹிமெனெஸ் என்று முக்கியமான மூன்று பேரும் சீசன் ஆரம்பத்திலேயே காயத்தில் போனார்கள். ஆனால் மூன்று பேர் காயப்பட்டால் 90 தோல்வி வரும், இன்னும் மோசமாகப் போனால் 95. மிச்சம் 26 தோல்விக்கு யார் பொறுப்பு?

பெயர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப். 1981ல் இவர் தலைமையில் ஒரு குழு சுமார் 2 கோடி டாலருக்கு வைட் சாக்ஸை வாங்கியது. இன்று அதன் மதிப்பு 200 கோடி டாலரை ஒட்டி என்கிறார்கள். மைக்கேல் ஜோர்டான் ஆடிய சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியும் இவருடையதுதான். வைட் சாக்ஸின் மதிப்பு நூறு மடங்கு ஏறியதற்கும் அணி ஜெயித்ததற்கும் சம்பந்தம் உண்டா? இந்த 40 சொச்சம் வருஷத்தில் அது ஜெயித்த வேர்ல்ட் சீரிஸ் ஒன்றே ஒன்று.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவில் கால்பந்து லீக்கில் கடைசியில் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். டிவி பணம் போகும், ஸ்பான்சர் போவான், முதலாளிக்கு வயிற்றில் புளி கரைக்கும். அமெரிக்காவில் அந்தப் பேச்சே இல்லை. 121 தோற்றாலும் அடுத்த வருஷம் அதே லீக், அதே இடம். தேசிய டிவி ஒப்பந்தப் பணத்தை முப்பது அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன, ஜெயித்தவனுக்கும் அதே பங்கு, தோற்றவனுக்கும் அதே பங்கு. தோல்வியின் விலையைக் கொடுப்பவர் முதலாளி இல்லை. டிக்கெட்டும் பார்க்கிங்கும் பீரும் வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் ரசிகன்தான் கொடுக்கிறான்.

ரசிகனை அதுவரை சும்மா உட்கார வைக்க ஒரு மந்திரச் சொல் உண்டு: 'ரீபில்ட்'. அதாவது நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விற்று, பதிலுக்கு இளசுகளை வாங்கி, நாலைந்து வருஷம் தோற்று, பிறகு ஒரேயடியாக எழுந்திருப்பது. ஹூஸ்டன் இதைச் செய்தது. 2011லிருந்து மூன்று வருஷம் வரிசையாக நூறுக்கு மேல் தோற்று, 2017ல் பட்டம் வாங்கியது (அதில் திருட்டுத்தனம் கலந்திருந்தது தனிக்கதை). அதே சிகாகோவின் வடக்குப் பக்கத்து கப்ஸும் 2012ல் 101 தோற்று 2016ல் ஜெயித்தது. ஆகவே ரீபில்ட் என்பதே பொய் என்று சொல்ல முடியாது.

வைட் சாக்ஸும் செய்தது. 2016 டிசம்பரில் அணியின் உயிரான பிட்சர் கிரிஸ் சேலை பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். 2017ல் 95 தோல்வி, 2018ல் 100, 2019ல் 89. பொறுத்ததற்குப் பலனும் வந்தது, 2020ல் பிளேஆஃப். இளசுகள் எல்லாம் தயார். இனி பத்து வருஷம் நம்ம ராஜ்ஜியம்தான் என்று தெற்கு சிகாகோ கனவு கண்டது.

அப்போது முதலாளி என்ன செய்தார்? பிளேஆஃபுக்குக் கூட்டிப் போன மேனேஜர் ரிக் ரென்டெரியாவை அனுப்பிவிட்டு, தன் பழைய நண்பர் டோனி லா ரூஸாவைக் கொண்டுவந்தார். லா ரூஸா மகா பெரிய மேனேஜர், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அப்போது அவருக்கு வயது 76. கடைசியாக ஒரு அணியை நடத்தியது 2011ல். 1986ல் இதே வைட் சாக்ஸ் அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தது, அந்த உறுத்தல் ரைன்ஸ்டார்ஃபுக்கு ரொம்ப நாளாக உண்டு. மூன்று வருஷம் தோற்றுத் தோற்று ரசிகர்கள் வளர்த்த பயிரை, முதலாளி தன் மனக்குறையைத் தீர்க்கப் பரிகாரமாகப் படைத்துவிட்டார்!

2021ல் 93 வெற்றியோடு டிவிஷனைப் பிடித்தார்கள், முதல் சுற்றிலேயே ஹூஸ்டனிடம் உதை. 2022ல் 81 வெற்றி 81 தோல்வி, லா ரூஸா உடல்நிலை காரணமாக விலகினார். 2023ல் 101 தோல்வி. அந்த ஆகஸ்டில் நிர்வாகத்தில் பெரிய தலைகளான கென் வில்லியம்ஸையும் ரிக் ஹானையும் நீக்கினார்கள். சரி, இப்போதாவது வெளியிலிருந்து நல்ல ஆளாகத் தேடுவார்கள் என்று பார்த்தால், பத்தே நாளில் உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸைத் தூக்கி உட்கார வைத்தார் ரைன்ஸ்டார்ஃப். தேடினால் நேரம் வீணாகுமாம். ஆள் தேடும் நேரத்தை மிச்சம் பிடித்து அடைந்த பலன் அடுத்த வருஷத்தின் 121.

பணம்? அந்தக் கதை இன்னும் ஜோர். 2024 வரைக்கும் இந்த அணி எந்த ஆட்டக்காரருக்கும் 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்ததில்லை. அதிகபட்சம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு 7.5 கோடி. அதே குளிர்காலத்தில் யாங்கீஸ் ஆரன் ஜட்ஜுக்குக் கொடுத்தது 36 கோடி.

சின்ன ஊர், சின்ன வருமானம் என்று யாராவது சொன்னால் கன்சாஸ் சிட்டியைக் காட்டலாம். சிகாகோவில் கால்வாசி கூட இல்லாத ஊர். 2023ல் 106 தோற்றார்கள். மறு வருஷமே பிட்சர்களுக்குப் பணத்தை எடுத்து வைத்தார்கள், பாபி விட் என்ற இளைஞனுக்கு 11 வருஷத்துக்கு 28.8 கோடி கொடுத்தார்கள், 2024ல் பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். அந்த வருஷம் வைட் சாக்ஸ் கன்சாஸ் சிட்டியோடு ஆடியது 13 ஆட்டம். ஜெயித்தது 1.

வைட் சாக்ஸுக்குக் கூட்டமே வருவதில்லை, அதனால்தான் பணமில்லை என்று இன்னொரு கூட்டம் சொல்லும். பட்டம் ஜெயித்ததற்கு அடுத்த வருஷமான 2006ல் மைதானத்துக்கு வந்தவர்கள் 30 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2024ல் சுமார் 13.8 லட்சம். நல்ல சோறு போட்டபோது பந்தியில் இடமில்லாமல் நின்ற ஜனங்கள்தான் இவர்கள். ஊசிப்போனதை வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டால் எப்படி?

இவ்வளவு நடக்கும்போதே, 2024 தொடக்கத்தில், புது மைதானம் கட்ட சுமார் 100 கோடி டாலர் அரசுப் பணம் வேண்டும் என்று இல்லினாய் மாநிலத் தலைவர்களிடம் போய் நின்றார் முதலாளி. மனுஷனுக்குத் தைரியம் ஜாஸ்தி. இது முதல் தடவையும் இல்லை. 1988ல் மைதானம் கட்டித் தராவிட்டால் அணியை ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று மிரட்டினார். சட்டசபையில் கெடு நள்ளிரவு, ஓட்டு தேறவில்லை. கடிகாரத்தை நிறுத்தி வைத்து மசோதாவை நிறைவேற்றினார்கள். அப்படிப் பொதுப்பணத்தில் வந்த மைதானம் 1991ல் திறந்தது. முதல் ஆட்டத்திலேயே டெட்ராய்டிடம் 16-0 தோல்வி. சகுனம் அப்போதே சொல்லியிருக்கிறது பாருங்கள்.

'நிஜ ரசிகன் அணியை விட்டுக்கொடுக்க மாட்டான், தோற்றாலும் கூட நிற்பான்' என்று ஒரு வசனம் எல்லா ஊரிலும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாருக்கு லாபமான வசனம் அது? கடைக்காரன் கெட்ட சரக்கு கொடுத்தால் வேறு கடைக்குப் போகலாம். அப்பா காலத்திலிருந்து ரசித்த அணியை விட்டு வேறு அணிக்குப் போக முடியாது. அது ரசிகனுக்கே தெரியும். அதைவிட நன்றாக முதலாளிக்குத் தெரியும். ரசிகனின் விசுவாசத்தை வங்கியில் போட்ட வைப்புநிதியாக வைத்துக்கொண்டு வட்டி தின்கிறார். அணியின் மேல் பாசம் வைப்பது வேறு, அந்த ஆளுக்கு டிக்கெட் காசு கட்டுவது வேறு. தெற்கு சிகாகோ ரசிகர்கள் இதை லேட்டாகப் புரிந்துகொண்டாலும் சரியாகவே புரிந்துகொண்டார்கள். 2024 செப்டம்பர் கடைசி வாரம், 120 தோல்வியோடு அணி ஊர் திரும்பியபோது, சாதனைத் தோல்வியைக் கண்ணால் பார்க்கவே கூட்டம் வந்தது. அணியை விற்றுத் தொலை என்று கோஷம் போட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அணி ஜெயித்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும் ஜெயித்தது! தோற்பதைக் கூட ரசிகனுக்கு வேண்டிய நாளில் செய்யத் தெரியாத அணி :-)

121வது தோல்வி செப்டம்பர் 27ந் தேதி டெட்ராய்டில் வந்தது, 4-1. அந்த வெற்றியால் டெட்ராய்ட் பத்து வருஷத்துக்குப் பிறகு பிளேஆஃபுக்குள் போனது, ஊரே கொண்டாடியது. அதே அக்டோபரில், ஜூலையில் வைட் சாக்ஸ் அனுப்பிவிட்ட மைக்கேல் கோபெக் டாட்ஜர்ஸோடு வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார். 2016ல் விற்ற கிரிஸ் சேல் அட்லாண்டாவுக்கு ஆடி, நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். சரி, இவ்வளவு தோற்றதற்கு அடுத்த டிராஃப்டில் முதல் ஆளையாவது எடுக்கலாமா என்றால், வேண்டுமென்றே தோற்பவர்களைத் தடுக்க வந்த விதிப்படி அதுவும் கிடையாது. 2025ல் பத்தாவது இடம்தான்.

சீசன் முடிந்ததும் ரைன்ஸ்டார்ஃப் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த சீசன் தோல்வி, பொறுப்பு தன்னுடையது என்ற பொருளில். பொறுப்பு என்றால் வேலை போக வேண்டும், அல்லது காசு போக வேண்டும். மேனேஜருக்கு வேலை போயிற்று, ரசிகனுக்குக் காசு போயிற்று. அந்த டிசம்பரில் அணியில் மிச்சமிருந்த ஒரே நல்ல பிட்சர் காரெட் குரோஷே பாஸ்டனுக்குப் போனார். ஆமாம், அடுத்த ரீபில்ட்.

2025ல் 102 தோல்வி. வரிசையாக மூன்றாவது வருஷம் நூறைத் தாண்டியாயிற்று. அந்த மே மாதம் போப்பாண்டவராகத் தேர்வான லியோ சிகாகோக்காரர், வைட் சாக்ஸ் ரசிகர், 2005 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் காலரியில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய சிபாரிசும் எடுபடவில்லை.

அணியை விற்றுத் தொலை என்று கத்தியவர்களுக்கு 2025 ஜூனில் ஒரு பதில் வந்தது. ஜஸ்டின் இஷ்பியா என்ற முதலீட்டாளரோடு ஒப்பந்தம். 2029லிருந்து 2033 வரை, ரைன்ஸ்டார்ஃபுக்கு இஷ்டமிருந்தால் அணியை அவருக்கு விற்கலாம். இஷ்டமில்லையென்றால் விற்க வேண்டியதில்லை. 2034 சீசன் முடிந்த பிறகுதான் இஷ்பியா தன் இஷ்டத்துக்கு வாங்க முடியும். அப்போது ரைன்ஸ்டார்ஃபுக்கு வயது 98 ஆகியிருக்கும்.