பேறுகாலத் துணைக்கு யார் கூலி கொடுப்பது?

பேறுகாலத்தில் உடனிருந்து உதவும் 'டூலா' எனும் துணைப்பெண்ணின் கட்டணத்தை அமெரிக்காவில் வால்மார்ட் போன்ற பெருநிறுவனங்கள் தம் ஊழியர் நலத் திட்டங்களில் சேர்த்துள்ளன. இதனைப் புதுமை எனப் பாராட்டும் முன், நாஞ்சில் நாட்டிலிருந்து நாம் ஒன்றைக் கேட்க வேண்டியுள்ளது. இங்கே பேறு பார்த்த பெண்ணுக்கு யார், என்ன கூலி கொடுத்தார்?

மருத்துவச்சி, வயிற்றாட்டி என்றழைக்கப்பட்ட அப்பெண்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். தொப்புள்கொடி அறுப்பதையும் குருதி படிந்த துணியை அலசுவதையும் தீட்டு என வகுத்த சாதியச் சமூகம், அப்பணியை அவர்கள் மீதே சுமத்தியது. கூலியாகக் கிடைத்தது நெல்லும் துணியும். பிறந்த குழந்தையை முதலில் ஏந்திய கைக்கு, பின்னர் அவ்வீட்டின் வாசற்படிக்குள் இடமிருக்கவில்லை.

இன்று பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் உடனிருப்பதைத் தமிழக அரசு மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு 'லக்ஷ்யா' வழிகாட்டுதலும் அதனை வலியுறுத்துகிறது. எனினும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தாயோ, 'அண்டி ஆபீஸ்' என நம் மக்கள் அழைக்கும் முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் சகோதரியோ துணைக்கு வந்தால், அன்றைய கூலியை இழந்தே வர வேண்டும். உரிமை இருக்கிறது, அதனைத் துய்ப்பதற்கான செலவை ஏழைக் குடும்பமே ஏற்கிறது.

இச்செலவில் ஒரு பங்கையேனும் வேலையளிப்பவர் ஏற்க வேண்டும் என்பது நம் சட்டத்துக்குப் புதிதன்று. பேறுகாலத்துக்கு முன்னும் பேற்றின்போதும் பின்னும் வேலையளிப்பவர் இலவசப் பராமரிப்பு வழங்காவிடில், மருத்துவ போனஸ் தர வேண்டும் என்றது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம். இத்தொகை 2011 டிசம்பரில் 3,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, 20,000 ரூபாய் வரை உயர்த்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு இருந்தும் அதன் பின்னர் உயர்த்தவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே 3,500 ரூபாய்தான்.

அத்தொகையும் எளிதில் கைக்கு வருவதில்லை. "அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத்தானே பெற்றாய்?" என்று தோட்ட நிர்வாகம் கேட்டு அனுப்பியதாக ஒரு பெண் தொழிலாளி நம்மிடம் கூறினார். இவ்வாதம் சட்டத்துக்குப் புறம்பானது. வேலையளிப்பவர் இலவசமாக அளித்தாரா என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. மக்கள் வரிப்பணத்தில் அரசு அளித்த சிகிச்சையை முதலாளி தன் கணக்கில் எழுதிக்கொள்ள இயலாது.

முந்திரி ஆலைகளின் நிலை வேறு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் வரும் ஆலைகளில் மகப்பேறு பலனை ஈ.எஸ்.ஐ. கழகமே வழங்கும். அதற்கு முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். தோட்டங்களிலோ முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே, பதிவேட்டில் பெயர் ஏறாத பெண்ணுக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை.

நாட்கணக்கில் நிகழும் இவ்வநீதி பழையது. ஆனைமலையின் மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் 1967 டிசம்பரில் குழந்தை பெற்ற ஒரு தொழிலாளிக்கு, 12 வாரங்களுக்கான பலனில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டே நிர்வாகம் பணம் தந்தது. அவர் வழக்காடினார். ஞாயிறுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு நாள் கூலிக்காகப் பத்தாண்டுகள் போராடிய அப்பெண்ணால், இந்தியாவின் உழைக்கும் பெண்கள் அனைவருக்கும் அந்த ஞாயிறுகள் உரியனவாயின.

நம் கோரிக்கைகள் மூன்று. மருத்துவ போனஸை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப ஒன்றிய அரசு உடனே உயர்த்த வேண்டும். பிரசவத் துணையாக வரும் பெண் இழக்கும் கூலியை ஈடுசெய்ய மாநில அரசு வழிவகுக்க வேண்டும். முந்திரி ஆலைகளின் வருகைப் பதிவேடுகளைத் தொழிலாளர் துறை நேரில் சென்று சரிபார்க்க வேண்டும்.

அதுவரை, தோழர்களே, வேலை செய்த ஒவ்வொரு நாளையும் குறித்து வையுங்கள். கூலிச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உரிய பலன் மறுக்கப்பட்டால் எழுத்து மூலம் புகார் அளியுங்கள். வயிற்றாட்டிகளான நம் பாட்டிகளின் உழைப்பை எந்தப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை. அவர்களின் பேத்திகளுக்கும் அந்நிலை வரலாகாது.