வேகத்திற்கு ஓர் எல்லை

சுற்றுச்சூழலைப் பேசும் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சிக் கதைகளில் பல, ஒரே அச்சில் வார்த்தவை. பேராசை பிடித்த ஒரு நிறுவனம், அதன் கழிவு, அதனால் விளையும் விபரீதம், இறுதியில் தீயவரின் அழிவு. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1973இல் வந்த 'தி கிரீன் டெத்' கதையை எடுத்துக்கொள்வோம். வேல்ஸ் பகுதியில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு வேதிப்பொருள் நிறுவனம் கொட்டும் கழிவிலிருந்து ராட்சதப் புழுக்கள் நெளிகின்றன. நிறுவனத்தை ஆட்டுவிப்பது ஒரு கணினி. அது அழிந்ததும் நாம் நிம்மதியாக எழுந்து போகலாம். குற்றம் நம்முடையது அன்று.

இந்த நிம்மதியைத் தர மறுத்த ஓர் அத்தியாயம் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஏழாம் பருவத்தில், 1993இல் வந்த 'ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்'. எழுதியவர் நரேன் ஷங்கர்; பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முற்பாதியில் ஒரு பூனையைப் பழக்கும் கிளைக்கதை நம் பொறுமையைச் சோதிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிற்பாதிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒளியை விஞ்சிச் செல்ல உதவும் 'வார்ப்' உந்துபொறியே இத்தொடரின் உயிர்நாடி. அது இன்றேல் பயணமில்லை, கதையுமில்லை. அந்தப் பொறிதான் விண்வெளியையே நைந்துபோகச் செய்கிறது என்கிறார்கள் ரபால், செரோவா என்னும் உடன்பிறப்பு விஞ்ஞானிகள். அவர்கள் முன்பே அனுப்பிய ஆய்வு, மேலும் சான்று வேண்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. கண்ணிகளை வைத்துக் கப்பல்களை முடக்கியாவது கவனத்தை ஈர்க்க முயல்கிறார்கள். இன்னும் ஆராயலாம் என்ற பதிலே மீண்டும் வருகிறது. காத்திருக்க ரபால் இசைகிறார். செரோவாவோ தம் கப்பலின் பொறியையே வெடிக்கச் செய்து, தம் உயிரைக் கொடுத்து உண்மையை மெய்ப்பிக்கிறார்.

அவர் செய்தது அறமா? கண்ணிகளால் பிறர் உயிருக்கும் அவர் ஆபத்தை விளைவித்தார் என்பதை மறக்கலாகாது. ஆனால் சான்று கேட்டுக்கொண்டே காலம் கடத்தியவர்களின் கைகளும் தூயவை அல்ல. அத்தியாயம் இதற்குத் தீர்ப்பு வழங்கவில்லை. அதுவே அதன் நேர்மை.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். விண்வெளிக் கதைகளில் அந்த முதற்பொருள் பெரும்பாலும் வெறும் பின்னணித் திரையாகவே தொங்கும். இங்கோ அதுவே காயம்படுகிறது. காயப்படுத்தியவர் வில்லன் அல்லர். அந்த வெளியைக் காதலித்து அதிலேயே வாழ்நாளைக் கழித்த கேப்டன் பிக்கார்டும் அவர் போன்ற நல்லவர்களும்தான். தாம் நேசித்ததையே இத்தனை காலமும் சிதைத்து வந்தோமோ என்று இறுதியில் அவர் கலங்கும் இடம், எந்த ராட்சதப் புழுவையும்விட என்னை அச்சுறுத்தியது.

முடிவில் ஒரு சட்டம் வருகிறது: நெருக்கடி தவிர, வார்ப் ஐந்துக்கு மேல் எவரும் செல்லக்கூடாது.

பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் உண்மையான பாடம். அதே பருவத்தில், 1994இல் வந்த 'தி பெகாஸஸ்' அத்தியாயத்திலேயே வரம்பை மீற மேலிடம் அனுமதி தருகிறது. 1995இல் தொடங்கிய 'வாயேஜர்' தொடரின் கப்பல் வார்ப் 9.975 வேகத்தில் செல்ல வல்லது என்று பெருமையுடன் அறிமுகமாகிறது. சட்டத்தை எவரும் நீக்கவில்லை. கதைக்கு வேகம் தேவைப்பட்டது, மறந்துவிட்டார்கள்.

இதைத் தொடரின் குறை என்று விமரிசகர்கள் சொல்லக்கூடும். எனக்கோ, எழுதியவர்களே அறியாமல் அது தன் கதையை நிறைவு செய்துகொண்டதாகத் தோன்றுகிறது. நாமும் வரம்புகளை எதிர்த்து உடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நெருக்கடியைக் காரணம் காட்டி, ஓசையின்றிக் கடந்துபோகிறோம். செரோவாவின் மரணத்தைக் கண்டு கண் கலங்கிய அதே பார்வையாளர்தாமே, அடுத்த வாரம் கப்பல் விரைந்தபோது மகிழ்ந்தோம்?