ஊர் ஊராய்ப் போய் கோல் அடிப்பவர்கள்

2024 ஜனவரி 28 அன்று புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியத்தில் சூப்பர் கப் கால்பந்து இறுதி ஆட்டம். முதல் கோலை அடித்தவர் ஒடிசா எஃப்சியின் டியாகோ மொரீசியோ, பிரேசில்காரர். கூடுதல் நேரத்தின் 111ஆவது நிமிடத்தில் எதிரணித் தற்காப்பு தடுமாறிய ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தை 3-2 என்று முடித்துவைத்தவர் ஈஸ்ட் பெங்கால் கேப்டன் கிளேட்டன் சில்வா. அவரும் பிரேசில்காரர்தான், 37 வயதைத் தொட இன்னும் சில நாட்களே இருந்தன. தேசிய அளவில் ஒரு கோப்பைக்காக 12 ஆண்டுகள் ஏங்கிக் கிடந்தது அந்தக் கொல்கத்தா கிளப்.

இருவருக்கும் நடுவே ஈஸ்ட் பெங்காலுக்குச் சமன் கோல் அடித்தவர் நம் சென்னைப் பையன், நந்தகுமார் சேகர். முந்தைய சீசனில் அவர் மொரீசியோவுடன் ஒடிசாவில் ஆடியவர். அந்தச் சீசனில் கிளேட்டனுடன்.

ரியோவின் மதுரெய்ரா என்ற சிறிய கிளப்பிலிருந்து கிளம்பிய கிளேட்டன் தாய்லாந்து, மெக்சிகோ, சீனா என்று ஆடிவிட்டு, 2020இல் பெங்களூரு எஃப்சிக்கு வந்து சேர்ந்தார். தாய்லாந்து லீக்கில் 100 கோலைத் தொட்ட முதல் வெளிநாட்டு வீரர் அவரே. மொரீசியோவின் பாஸ்போர்ட்டும் அப்படித்தான் நிரம்பியிருக்கும். ஃபிளமெங்கோவில் பெயர் வாங்கி, ரஷ்யா, போர்ச்சுகல், சீனா, தென் கொரியா, சவுதி என்று சுற்றி ஒடிசா வந்தவர்.

இப்படி ஊர் மாறுகிறவர்களைக் ‘காசுக்கு ஆடுகிறவர்கள்’ என்று ஒதுக்குவது நம்மூரில் சகஜம். அது அநியாயம். புது ஊர், புரியாத மொழி, அறிமுகமே இல்லாத சக வீரர்கள். மூன்றாவது ஆட்டத்துக்குள் கோல் வராவிட்டால் கேலரியில் முணுமுணுப்பு தொடங்கிவிடும். அதைத் தாங்கி ஒருவர் பதினைந்து ஆண்டுகள் இந்தத் தொழிலில் நீடிக்கிறார் என்றால், அது பெரும் தேர்ச்சி.

பந்து விங்கில் இருக்கும்போது இத்தகைய ஸ்ட்ரைக்கரின் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத இடத்தில் நடந்துகொண்டிருப்பார். கிராஸ் கிளம்புமுன் பின் போஸ்ட் பக்கம் இரண்டு எட்டு. டிஃபெண்டர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் சட்டென்று முன் போஸ்ட்டுக்குப் பாய்ச்சல். பந்தைத் தொடுவது ஒரே ஒரு முறை. இதைச் சொல்லித்தர முடியும், பழகவும் முடியும். ஆனால் யாராவது பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் மாலையானால் டர்ஃபுகளில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் நடை தூரம். 2014இல், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) முதல் சீசனில், பிரேசில் உலகக் கோப்பை வீரர் எலானோ சென்னையின் எஃப்சிக்காக 8 கோல் அடித்து ‘கோல்டன் பூட்’ வென்றது அங்கே கூட்டம் சேர்த்த நாட்களில்தான். அவர் ஸ்ட்ரைக்கர் அல்ல, மிட்ஃபீல்டர். அடுத்த ஆண்டு அதே கிளப்பின் மென்டோசா, கொலம்பியாக்காரர், 13 கோலுடன் அந்தப் பரிசை வென்றார்.

வலிக்கிற இடம் இதுதான். 2014 முதல் 2024-25 வரை ஐஎஸ்எல் கோல்டன் பூட் ஒருமுறைகூட இந்தியர் கைக்கு வரவில்லை. 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் தமிழ்நாட்டின் ராமன் விஜயன் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு தெரியும். 2024 ஜூனில் விடைபெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில், 2025 மார்ச்சில், தேசிய அணிக்குத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

களத்தில் நிற்கும் வெளிநாட்டவர் எண்ணிக்கையை 2021-22இல் நான்காகக் குறைத்தார்கள். நல்ல முடிவு. ஆனாலும் கோல் அடிக்கும் இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துவிட்டு, நம் பையன்களை விங்குக்குத் தள்ளும் வழக்கம் போகவில்லை. இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கண்டனூர் சிவசக்தி நாராயணன் சாட்சி. கிளேட்டன் பெங்களூருவை விட்டுப் போன 2022இல், டியூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் அந்த அணிக்கு முதல் கோல் அடித்தவர் சிவசக்தி. அந்த ஐஎஸ்எல் சீசனில் 6 கோலும் அடித்தார்.

அதற்காக வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரே வேண்டாம் என்பது தவறான தீர்வு. அவர் இங்கே இருக்கும்போதே அவர் தொழிலைக் கற்றுக்கொள்ளாமல் விடுவதுதான் குற்றம். இதில் கிளப்புகளின் பொறுப்பே அதிகம். ஒரு சீசன் ஒப்பந்தம், மே மாதம் வழியனுப்பு என்றிருந்தால் எவரும் எதையும் சொல்லித்தர மாட்டார். ஈஸ்ட் பெங்கால் கிளேட்டனைச் சீசனுக்குச் சீசன் தக்கவைத்து, கேப்டன் பொறுப்பும் கொடுத்தது. அதற்குப் பலன் கிடைத்தது.

சென்னையின் எஃப்சி அடுத்து ஒப்பந்தம் செய்யும் ஸ்ட்ரைக்கருக்கு இரண்டு ஆண்டாவது கொடுக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை, அகாடமிப் பையன்களோடு அவர் பாக்ஸுக்குள் நின்று பயிற்சி தர வேண்டும் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். அதில் சில மாலைகளைத் தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கலாம். மைதானம் தேட வேண்டிய கஷ்டம்கூட இல்லை, டர்ஃபுகள் இருக்கின்றன.