காதைப் பார்த்தோம், பல்லைப் பார்க்கவில்லை

முயலுக்கு உருதுவில் கர்கோஷ் என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த சொல். கழுதைக் காது என்று பொருள். தெலுங்கில் குந்தேலு என்பதோடு செவுலபில்லி என்றும் சொல்வார்கள். அதாவது காதுப் பூனை. ஹைதராபாதின் இரண்டு மொழிகளும் காதைப் பார்த்தே பெயர் வைத்துவிட்டன. சார்மினார் பக்கம் முர்கி சௌக்கில் குட்டி முயல் வாங்கி வருபவர்களும் காதில்தான் மயங்குகிறார்கள். பல் நினைவுக்கு வர இரண்டு மூன்று மாதமாகும். அதற்குள் செல்போன் சார்ஜர், கட்டில் கால், திரைச்சீலையின் ஓரம், பாடப் புத்தகத்தின் அட்டை எல்லாம் போயிருக்கும்.

முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்வது. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீள்கின்றன. மேல்வாயில் முன்பல் நான்கு: பெரிதாக இரண்டு, அவற்றின் பின்னால் ஆணி போலச் சிறிதாக இரண்டு. எலிக்கு இரண்டுதான். இது போன்ற வேறுபாடுகளை வைத்து 1912இல் கிட்லி என்ற அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் முயல்களை எலி, அணில் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி வரிசையாக்கினார். (தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்கள் பல்லையாவது எண்ணிப் பார்க்கலாம்.)

இந்தப் பல் தேய்வதற்குப் புல் வேண்டும். நார் மிகுந்த புல்லைக் கடைவாயில் பக்கவாட்டில் மணிக்கணக்காக அரைத்துத்தான் அது தேய்கிறது. நாமோ கேரட்டும் பிஸ்கட்டும் கடைத் தீவனமும் கொடுக்கிறோம். ஐந்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்துக்கு வாய் வேலை தேடுகிறது. ஆகவே முதல் மருந்து, எந்நேரமும் தீராமல் கிடக்கும் காய்ந்த புல். அருகம்புல் நல்லது, பிள்ளையாருக்கு வாங்குவது போலக் கைப்பிடி அளவு போதாது. வைக்கோல் கடிக்க உதவும், சத்து குறைவு. குதிரைமசால் குட்டிகளுக்குச் சரி. வளர்ந்த முயலுக்கு அதில் உள்ள கால்சியம் அதிகம், சிறுநீர்ப்பையில் படியும்.

தமிழில் காட்டு முயலுக்கும் வீட்டு முயலுக்கும் ஒரே சொல் இருப்பதில் மொழிபெயர்ப்பாளர் படும் பாடு தனிக்கதை. குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் அம்பு படும் முயல் வளை தோண்டாது, புதரடியில் பதுங்கும். வீட்டில் வளர்வது ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்த வேறு இனம். வளை தோண்டி வாழ்வது. வளையின் குறுக்கே வரும் வேரைக் கத்தரிப்பது அதன் குலத்தொழில். தரையில் கிடக்கும் ஒயர் அதற்கு இன்னொரு வேர்.

ஆபத்தும் அங்கேதான். ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது என்பதால் இரக்கப்பட்டு ஏர்கூலர் பக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள். கூலரின் ஒயர் தரையில் வளைந்து கிடக்கும். வளையக்கூடிய பிவிசி குழாயை நீளவாக்கில் கீறி ஒயரை அதற்குள் செருகிவிடுவது அரை மணி நேர வேலை. ஷாக் அடித்துவிட்டால் முயலைத் தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். எழுந்து நடந்துவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடிப்பதும் மிளகாய்த் தூள் தடவுவதும் வீண்; முந்தையது பயத்தையும் பிந்தையது கண் எரிச்சலையும் தரும். அட்டைப் பெட்டி, கொய்யாக் குச்சி, மூங்கில் கூடை என்று கடிக்கச் சொந்தமாக ஏதாவது கொடுங்கள். வர்ணம் பூசிய மரம் வேண்டாம், அரளிக் குச்சி விஷம். விடியலிலும் அந்தியிலும்தான் முயலுக்குச் சுறுசுறுப்பு. அந்த வேளையில் கூண்டைத் திறந்து ஓடவிட்டால் பாதிக் கடி குறையும். பருவமடைந்த முயலுக்குக் கருத்தடை அறுவை செய்தால் இன்னும் குறையலாம். அதை முயல்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரே செய்ய வேண்டும். நகவெட்டியால் பல்லை வெட்டிவிடச் சொல்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பல் நெடுக்கில் விரிந்து வேர் வரை சீழ் பிடிக்கும்.

இத்தனை நாள் எல்லாவற்றையும் கடித்துக் குதறிய முயல் ஒரு நாள் எதையும் கடிக்காமல் மூலையில் உட்கார்ந்தால், திருந்திவிட்டது என்று மகிழ வேண்டாம். மோவாய் ஈரமாக இருக்கிறதா, புல்லை விட்டு மெத்தென்ற தீனியை மட்டும் தேடுகிறதா என்று பாருங்கள். கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ கிழித்துக்கொண்டிருக்கலாம். 12 மணி நேரம் சாப்பிடாவிட்டால் குடல் இயக்கமே நின்று உயிருக்கு ஆபத்தாகும். விடியட்டும் என்று காத்திருக்காமல், இரவானாலும் கூடையோடு கிளம்ப வேண்டும்.