மிஸ்ஃபயரா? முதல்ல காயிலை இடம் மாத்திப் பாருங்க!

இடவப்பாதி மழை தொடங்கினா பள்ளுருத்தியில வண்டிக்கெல்லாம் இருமல்தான். காயல் காத்து, உப்பு, ஈரம். உடனே ஒர்க்‌ஷாப் போய் பிளக், காயில், இன்ஜெக்டர்னு மொத்தமா மாத்திட்டு வர்றதுல எனக்கு உடன்பாடே இல்லைங்க.

சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கிற பெட்ரோல் காரா? ஓபிடி ஸ்கேனரை மாட்டுங்க. பி0302ன்னா 2வது சிலிண்டர். எஞ்சின் ஆறினதும் அந்தக் காயிலை 3வதோட இடம் மாத்தி, கோடை அழிச்சுட்டு ஓட விடுங்க. இப்ப பி0303 வருதா? காயில்தான் குற்றவாளி. மாறலையா, அடுத்து பிளக்கை இதே மாதிரி. (பிளக் குழியில தண்ணி நிக்குதான்னு பார்த்துக்குங்க!)

செக் எஞ்சின் லைட் மினுக்கி மினுக்கி எரிஞ்சா மட்டும் ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் அதையே பொசுக்கிடும். அது விலைக்கு முன்னாடி காயில் வெறும் சில்லறை சாமி!