கட்டத்தில் அடங்காத பெயர்

காரைக்கால் மாவட்டம் நெடுங்காட்டிலிருந்து குமரவேல் என்ற இளைஞர் சாஃப்ட்வேர் வேலைக்காக அமெரிக்கா போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் மு.குமரவேல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டம் காலி. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாதவர் வேறு என்ன செய்வார்? இப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு விசா அச்சிட அமெரிக்கத் தூதரகத்திடம் ஒரு வழக்கம் உண்டு. இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதன்பிறகு அந்த மூன்றெழுத்து அவரை விடாது. அலுவலக மின்னஞ்சல் முகவரி, ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை, வாடகை ஒப்பந்தம் என்று போகுமிடமெல்லாம் அதுவே அவருடைய பெயராக வந்து நிற்கும். புதிதாகச் சேர்ந்தவரை மேலாளர் ‘வாங்க எஃப்னு’ என்று வரவேற்கும் கதைகள் ஐடி வட்டாரத்தில் சிரிப்புக்குச் சொல்லப்படுபவை. அனுபவித்தவர்களுக்குப் பெரிதாகச் சிரிப்பு வருவதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் வேறு வகைச் சங்கடம். அலுவலகக் கடிதங்களும் மருத்துவமனை வரவேற்பறையும் அவரை ‘மிஸ்டர் முத்துசாமி’ என்றுதான் கூப்பிடும். வீட்டில் அம்மாகூட வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொல்லி ஊரே அவரை அழைக்கும். கல்யாணமானதும் மனைவி தன் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால், அவர் ‘மிஸஸ் குமரவேல்’. பிறக்கும் குழந்தைக்கும் கடைசிப் பெயர் குமரவேல். ஆக, அதே வீட்டில் தகப்பன் முத்துசாமி குடும்பம், தாயும் பிள்ளையும் குமரவேல் குடும்பம். குழந்தையோடு தனியாக விமானம் ஏறும் தகப்பன், இது தன் பிள்ளைதான் என்று குடியேற்ற அதிகாரியிடம் பிறப்புச் சான்றிதழைக் காட்டி விளக்க வேண்டிவந்தால் வியப்பதற்கில்லை.

இந்தத் தொல்லைகளுக்குத் தமிழ்ப் பெயர் முறைதான் காரணம் என்று நம்மவர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். அது தவறு. குற்றம் படிவத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கான உலகத் தரத்தை வகுப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கின்றனவே, வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்கு ஒதுக்கியது 39. அதில் முதன்மைப் பெயர், இரண்டு நிரப்புக் குறிகள், பிறகு துணைப் பெயர் என்று வரும். ஒருவருக்கு ஒரே பெயர்தான் என்றால் அதை முதன்மைப் பெயராக அச்சிட்டு மீதி இடங்களைக் குறிகளால் நிரப்பிவிடலாம் என்று அந்தத் தரமே இடம் கொடுக்கிறது. அதாவது உலகின் ஆகக் கண்டிப்பான ஆவணத்துக்கு ஒற்றைப் பெயர் ஒரு பிரச்சினை இல்லை. அதற்குப் பின்னால் வரும் வங்கி, காப்பீடு, டிக்கெட் பதிவு, சம்பளப் பட்டியல் ஆகியவற்றின் மென்பொருளில்தான் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் மின்னுகிறது. இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பது யாரோ ஒரு புரோகிராமர் யோசிக்காமல் எழுதிய ஒரு நிபந்தனை. அந்த யாரோ பல நேரங்களில் இன்னொரு குமரவேலாகவே இருப்பார் என்பது இதிலுள்ள வேடிக்கை.

இப்படி எழுதினால்தான் மென்பொருள் ஓடும் என்பதும் இல்லை. நம் ஆதார் 100 கோடிக்கு மேற்பட்டவர்களின் பெயரை ஒரே கட்டத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது. அதே இந்தியாவின் பான் அட்டை விண்ணப்பம் கடைசி, முதல், நடுப் பெயர் என்று மூன்றாக வெட்டிக் கேட்கிறது, இனிஷியலையும் ஏற்பதில்லை. இரண்டையும் இணைக்கப்போனால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். வெளிநாட்டிலிருந்து அதைச் சரிசெய்ய முயல்பவரின் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. சிங்கப்பூரைப் பாருங்கள். அந்நாட்டு அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் என்று ஒரே ஒரு இடம்தான். இன்னாரின் மகன் இன்னார் என்று அங்குள்ள தமிழர் பெயர்கள் அதில் அப்படியே பதிவாகின்றன. அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அவர்கள் உலகம் முழுக்கப் போய்வருகிறார்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குத் தந்தை பெயரையொட்டியே கடைசிப் பெயர் அமைகிறது, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுகிறது, தொலைபேசிப் புத்தகம்கூட முதல் பெயர் வரிசையில்தான் அச்சிடப்பட்டது. பர்மாவின் ஊ தாண்ட் 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்தார். அவருடைய பெயர் ‘தாண்ட்’ மட்டுமே. ‘ஊ’ நம் ‘திரு’ மாதிரி ஒரு மரியாதைச் சொல். அதனால் ஐ.நா. கணக்கு எழுத முடியாமல் திண்டாடியதாகத் தெரியவில்லை.

சரி, ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டால்தான் என்ன, உலகத்தோடு ஒட்ட ஒழுகக் கூடாதா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குக் காரைக்காலின் வரலாற்றிலும் எல்லைக்கு அப்பாலுள்ள தமிழகத்தின் வரலாற்றிலும் பதில் இருக்கிறது, அதுவும் இரண்டு திசைகளில். பிரெஞ்சு ஆட்சியில் 1881 செப்டம்பர் 21 அன்று ஓர் ஆணை வந்தது. தங்கள் மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர விரும்பும் இந்தியர்கள் அதை எழுத்து மூலம் அறிவிக்கலாம். அப்படி அறிவிப்பவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படித் துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரும் கிறிஸ்தவர்களும் நிறைய. சாதியின் பிடியிலிருந்து வெளியேற அவர்கள் தாங்களாகவே ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று பிரான்சிலும் அந்தப் பெயர்களோடு வாழ்கிறார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, எல்லைக்கு அந்தப்புறம் பிரிட்டிஷ் இந்தியாவில், 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு இதற்கு நேர்மாறான வழியைச் சொன்னது: பெயரின் வாலாகத் தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டிவிடுங்கள். நோக்கம் ஒன்றேதான். ஒரு கூட்டம் பெயரைச் சேர்த்துக்கொண்டு சாதியை விட்டது, இன்னொரு கூட்டம் பெயரை உதறிச் சாதியை விட்டது. இரண்டிலும் முடிவெடுத்தவர் பெயருக்கு உரியவர். இன்று ‘இந்தக் கட்டத்தை நிரப்பு’ என்று திரை கட்டளையிடும்போது அந்த உரிமை பறிபோகிறது. தாத்தா காலத்தில் கழற்றிப் போட்ட பட்டத்தைப் பேரன் மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ள இது வசதியான சாக்காகவும் ஆகிவிடுகிறது. இந்தக் கடைசி ஆபத்தை நான் சிறியதாக நினைக்கவில்லை.

பாதுகாப்பைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாக்களில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் அதன்பிறகு வந்தது. வளைகுடாவை நம்பி வாழும் காரைக்கால் போன்ற ஊருக்கு அந்த இடைப்பட்ட நாட்களின் பதற்றம் சாதாரணமானதல்ல. ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய வேண்டும் என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்த வேலையைச் செய்வது பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் கைரேகையும்தான். பெயர் அதற்கு மிகவும் பலவீனமான கருவி. முத்துசாமி மகன் குமரவேல்கள் டெல்டாவில் எத்தனை பேர் இருப்பார்கள்! காரைக்கால் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள், இயற்பெயர் புனிதவதி, உலகம் அறிந்தது ஊர்ப் பெயரால். அவரைப் பிறரோடு குழப்பிக்கொண்டவர் யாருமில்லை.

விசா வரிசையும் ஆட்குறைப்பும் பெற்றோரை விட்டுப் பிரிந்த துயரமும் இருக்கும்போது பெயர் ஒரு பெரிய விஷயமா என்பது இன்னொரு ஆட்சேபம். தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். ஆனால் சம்பளக் கணக்கில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர், ஊரிலுள்ள நிலத்தின் பத்திரத்தில் ஒரு பெயர் என்றானபின், மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, நோட்டரியிடமும் தூதரகத்திடமும் முத்திரை வாங்கும் செலவும் விடுப்பும் முழுக்க அந்த ஆளின் தலையில் விழுகின்றன. படிவத்தை வடிவமைத்த நிறுவனத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தமிழர்களுக்கு மட்டும் நேர்வதும் அல்ல இது. ஜப்பானில் வேலை பார்த்த பாட்ரிக் மெக்கன்சி என்ற அமெரிக்கப் புரோகிராமர், தன் பெயர் அங்குள்ள கணினிகளைப் படுத்திய பாட்டைக் கண்டு, பெயர்களைப் பற்றிப் புரோகிராமர்கள் நம்பும் 40 பொய்களை 2010இல் பட்டியலிட்டார். எல்லோருக்கும் கடைசிப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையும் அதில் அடங்கும். ஊர் மாறினால் யாரும் குமரவேல்தான்.

தீர்வுக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. முழுப் பெயருக்கு ஒரு கட்டம், உங்களை எப்படி அழைக்கட்டும் என்று கேட்க இன்னொரு கட்டம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது ஏறக்குறைய இதைத்தான். இந்தியாவிலும் வெளிநாட்டிலும் இத்தகைய படிவங்களை எழுதும் குழுக்களில் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். காரைக்காலின் திருவேட்டக்குடியில் உள்ள என்.ஐ.டி.யிலிருந்து ஆண்டுதோறும் கணினிப் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். தகவல்தளத்தை வடிவமைக்கும் கூட்டத்தில் ‘கடைசிப் பெயர் கட்டாயம் வேண்டுமா?’ என்று கேட்க வேண்டியவர்கள் இவர்கள். விமான நிறுவனங்களின் பழைய பதிவு முறைகள் அத்தனை சீக்கிரம் மாறப்போவதில்லை. எனவே இப்போதைக்கு, மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், பாஸ்போர்ட் நான்கிலும் இனிஷியலின் விரிவும் பெயரின் வரிசையும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று கல்லூரியில் கால்வைக்கும்போதே பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது. வெளிநாடு போனபின் செய்வதைவிட இங்கிருந்து செய்வதில் அலைச்சல் குறைவு.