சாளையில் நிற்கும் கார்களின் பெட்ரோல் குழாய்கள் குறித்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய வாகனங்களுக்குக் கேடு வருமா என்ற கேள்வி 2025 ஆகஸ்டில் நாடெங்கும் எழுந்தபோது, தங்கள் அமைச்சகம் அளித்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்றும், அது செலவு குறைந்த வேலை, வழக்கமான சர்வீஸின்போதே முடிந்துவிடும் என்றும் சொல்லப்பட்டது. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தக்கூடும். கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டைச் சாளை என்பர். ஆனால் கோவையை அடுத்த கருமத்தம்பட்டி வட்டாரத்தின் சாளையொன்றில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தப்பட்டு, குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படுகிற ஓர் அம்பாசிடரோ பத்மினியோ ஆண்டுக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அது 20,000 கிலோமீட்டரை எட்ட அறுபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் பெட்ரோல் குழாய் அத்தனை காலம் காத்திருக்காது. ஓட்டத்தை அளவுகோலாகக் கொண்ட அந்த அறிவுரை, பெரும்பகுதி நின்றே கழியும் வண்டிகளுக்குத் தவறானது என்பதையும், அதைத் திருத்தும் பொறுப்பு தங்கள் அமைச்சகத்துக்கே உரியது என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

எத்தனால் கலப்புத் திட்டத்தின் பயனை இம்மடல் மறுக்கவில்லை. 2003 ஜனவரியில் சில மாநிலங்களில் ஐந்து விழுக்காட்டுடன் தொடங்கிய அத்திட்டம் 2022இல் பத்து விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரி 6 அன்று இ20 எனப்படும் இருபது விழுக்காட்டுக் கலவை விற்பனைக்கு வந்தது. 2030க்கென்று முதலில் வைக்கப்பட்ட இலக்கு 2025இலேயே நிறைவேறியது. கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவருக்கு அதனால் கிடைக்கும் வருவாயை உழவர் நிறைந்த இவ்வட்டாரம் குறைத்து மதிப்பிடாது. ஆனால் விரைந்து நடந்த அந்த மாற்றத்தில், எரிபொருள் மாறியது என்ற செய்தி பழைய வண்டியின் உரிமையாளருக்கும் அவருடைய மெக்கானிக்குக்கும் அவர்கள் மொழியில், அவர்கள் பெட்ரோல் போடும் இடத்தில், உரிய விளக்கத்தோடு போய்ச் சேரவில்லை.

கருமத்தம்பட்டி அவிநாசி சாலையில் அமைந்த விசைத்தறி ஊர். அது அடங்கிய சூலூர் வட்டத்தின் கலங்கல் சிற்றூரில்தான் 1893இல் ஜி.டி. நாயுடு பிறந்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டு, மோட்டார் வண்டியைக் கொங்கு நாட்டின் அன்றாடப் பொருளாக்கியவர்களுள் முன்னிற்பவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015இல் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்து வண்டிகளைப் பார்த்துக்கொள்ளப் பயின்றவர்கள் உண்டு. சாளையில் நிற்கும் வண்டிக்கு உரிமையாளரின் கவனமும் பக்கத்து ஊர் மெக்கானிக்கின் கைத்திறனும் மட்டுமே துணை. அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நின்றது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1970களின் தொடக்கத்திலேயே முடிந்துபோனது. அமைச்சகம் குறிப்பிடும் ‘வழக்கமான சர்வீஸ்’ என்பதை இவ்வண்டிகளுக்குச் செய்து தர இன்று ஒரு நிறுவனமும் இல்லை.

ஒன்றிய அரசின் மற்றோர் அமைச்சகம் இவ்வண்டிகளைப் பாரம்பரியச் செல்வம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத, அடிச்சட்டம் உடற்கூடு எஞ்சின் ஆகியவை மாற்றப்படாமல் மூல வடிவத்தில் பேணப்படும் வண்டிகள் ‘வின்டேஜ்’ என்ற தனி வகையில், எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகளுடன் பதிவு செய்யப்படுகின்றன. புதுப் பதிவுக்கு ரூ. 20,000 கட்டணம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் மட்டுமன்றி, பெட்ரோல் போடவும் பராமரிப்புக்காகவும் அவை சாலைக்கு வரலாம் என்று அவ்விதியே சொல்கிறது. எந்தப் பெட்ரோலைப் போடுவது என்று அது சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அமைச்சகமும் அதுவன்று. மூல வடிவில் காப்பாற்று என்று ஓர் அமைச்சகம் கேட்க, அந்த மூல வடிவின் ரப்பரையும் உலோகத்தையும் அரிக்கக்கூடிய எரிபொருளையே பெரும்பாலும் மற்றோர் அமைச்சகத்தின் கீழுள்ள பெட்ரோல் பங்குகள் தருவது முரண்பாடு.

பழைய காரில் பெட்ரோல் செல்லும் பாதை எளியது. வண்டியின் பின்புறத்து டேங்கிலிருந்து எஃகாலோ செம்பாலோ ஆன மெல்லிய குழாய் அடிச்சட்டத்தை ஒட்டி முன்னோக்கி வருகிறது; அதிராத சட்டத்தையும் அதிரும் எஞ்சினையும் இணைக்குமிடத்தில் வளைந்து கொடுக்கும் ரப்பர் ஹோஸ் வருகிறது; பிறகு டயாபிரம் எனப்படும் மெல்லிய சவ்வின் அசைவால் பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் பம்ப்; அதன் பின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர். இவற்றை வடிவமைத்தவர்கள் எத்தனால் இல்லாத பெட்ரோலை மனத்தில் வைத்தே பொருள்களைத் தேர்ந்தனர். எத்தனால் அக்கால ரப்பரை முதலில் ஊதிப் பெருகச் செய்கிறது. வண்டி நின்று குழாய் காயும்போது அதே ரப்பர் சுருங்கி வெடிக்கிறது. டேங்கின் உட்பூச்சையும் கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உடலையும் பித்தளை இணைப்புகளையும் அது அரிக்கக்கூடும். பல்லாண்டுகளாகக் குழாயின் உட்சுவரில் படிந்திருந்த பிசினைக் கரைத்துக்கொண்டு வந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைப்பதும் அதன் வேலையே.

நீர் பற்றிய செய்தி இவற்றினும் முக்கியமானது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. பழைய டேங்க் மூடி வழியாக வெளிக்காற்றோடு தொடர்புடையது. பகலில் சூடேறி ஆவியை வெளிவிட்டு, இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் அரை டேங்க் பெட்ரோலோடு இரண்டு மாதம் நிற்கும் வண்டியில் இது ஒவ்வோர் இரவும் நடக்கிறது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் உறிஞ்சத் தொடங்குவது அந்த அடியிலிருந்துதான். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் டேங்க் அடிக்கடி காலியாகி நிரம்புவதால் இதற்கு இடமில்லை. கிலோமீட்டர்க் கணக்கு பொருந்தாமல் போவதற்கு இதுவே தலையாய காரணம்.

கசிவின் ஆபத்து வண்டி வழியில் நின்றுபோவதோடு முடிவதில்லை. அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினில், கார்புரேட்டரும் சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேலே ஹோஸிலிருந்து கசியும் சொட்டு கீழே கொதிக்கும் இரும்பின் மீதே விழுகிறது. சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி அளவிலான குளிரில்கூடத் தீப்பற்றும் ஆவியைத் தரும் நீர்மம் பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், மூடிய கொட்டகையின் தரையிலும் பட்டறையில் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யத் தோண்டிய பள்ளத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும்.

இதைத் தடுக்கும் ஆய்வு எளியது, ஆனால் முறையாகச் செய்யப்பட வேண்டியது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை பாதை முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டும். ஹோஸை விரலால் அழுத்தினால் அது மீண்டும் நிமிர வேண்டும். குழைந்தாலும் விறைத்தாலும், வளைவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும், அது கழிவுப் பொருள். கிளிப் இறுகிய இடத்தில் ரப்பர் அறுபட்டிருக்கிறதா என்பதைக் கிளிப்பைத் தளர்த்திப் பார்த்தால்தான் தெரியும். செம்புக் குழாய் அதிர்வால் நாளடைவில் இறுகி நொறுங்கும் தன்மை பெறுவது. ஆகவே அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கவ்விகள் ஒன்றுகூட விடுபட்டிருக்கலாகாது. பித்தளை இணைப்பில் பச்சைப் படிவும், குழாயின் மேல் தூசு ஒட்டிய ஈரக் கறையும் கசிவின் சாட்சிகள். இவ்வளவும் பார்த்த பிறகு, பேட்டரியை மீண்டும் இணைத்து, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, பம்ப் அழுத்தம் கொடுக்கும் நிலையில் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். ரப்பர் ஹோஸ்களை, வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது பாதுகாப்பான வழக்கம்.

மாற்றுவதற்கு எதை வாங்குவது என்ற இடத்தில்தான் உரிமையாளர் தடுமாறுகிறார். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், உட்சுவரில் ஃபுளூரோ ரப்பர் என்ற விலை கூடிய பொருளைக் கொண்டது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே30 தரத்தில் ஆர்9 எனக் குறிக்கப்படும் வகை இதற்குச் சான்று. கடையில் மீட்டர் கணக்கில் அறுத்துத் தரப்படும் கறுப்பு ஹோஸின் மேல் எந்தக் குறியும் இல்லையென்றால் அது எத்தனாலைத் தாங்குமா என்பதைக் கண்ணால் கண்டறிய வழியில்லை. கோவையின் லேத் பட்டறைகள் பித்தளை இணைப்பை அச்சு மாறாமல் கடைந்து தந்துவிடும். ரப்பரின் வேதியியலை அவற்றால் கடைந்து தர முடியாது.

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்கச் செய்ய வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. எனவே முடிவு தங்கள் கையில் இருக்கிறது. பிரிட்டன் 2021 செப்டம்பரில் பத்து விழுக்காட்டுக் கலவையைப் பொதுப் பெட்ரோலாக்கியபோது, ஐந்து விழுக்காட்டுக்கு மேற்படாத வகையை உயர்தரப் பெட்ரோலாகத் தொடர்ந்து கிடைக்கச் செய்து, பங்கின் குழாய் முனையிலேயே இ5, இ10 என்று எழுதியும் வைத்தது. அதே ஏற்பாட்டை மாவட்டத்துக்கு ஒரு பங்கிலாவது, கோவையில் அவிநாசி சாலைப் பங்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். விலை கூடுதலாக இருந்தாலும் ஆண்டுக்குச் சில பத்து லிட்டர் மட்டும் வாங்குவோருக்கு அது சுமையாகாது. எத்தனால் அளவைத் தமிழில் பங்கிலேயே எழுதி வைக்கவும், எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு எளிதில் அடையாளம் காணத்தக்க தரக்குறியைக் கட்டாயமாக்கவும் உரிய துறைகளோடு பேசுமாறு தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. இவற்றுக்குக் காலம் பிடிக்கும். ஆனால் கிலோமீட்டர்க் கணக்கில் சொல்லப்பட்ட அறிவுரையை ஆண்டுக் கணக்கில் திருத்தி, வரும் ஐப்பசி மழைக்கு முன்பே வெளியிடுவதற்கு ஓர் அறிக்கையே போதும். தாங்கள் அதை முதலில் செய்ய வேண்டும்.